லைட் மங்கினால் பல்பை மாற்றாதீர்கள்: பழைய கார் ஒயரிங்கில் வோல்ட்டேஜ் தொலையும் இடத்தைக் கண்டுபிடிப்பது

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியாறு தாண்டுவதற்குள் இருட்டிவிட்டால், பழைய அம்பாசடர் வைத்திருப்பவருக்குத் தன் வண்டியின் ஒயரிங் எப்படி இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்துவிடும். ஒரு பக்க ஹெட்லைட் மஞ்சளாக எரியும். வைப்பரைப் போட்டால் அது இன்னும் கொஞ்சம் இறங்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் லேசாக எரிகிறதே என்று பின்னால் வருகிறவர் சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் புது பல்பு வாங்குவோம். சரியாகவில்லையா, பேட்டரி. அதற்கும் மசியவில்லையா, சுவிட்ச். செலவு ஏறிக்கொண்டே போகும், வெளிச்சம் அப்படியேதான் இருக்கும்.

இந்த மூன்று தொல்லைக்கும் அடியில் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பேட்டரியில் இருக்கிற வோல்ட்டேஜ் முழுசாகப் பல்புக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ ஒரு இணைப்பில் தொலைகிறது. பட்டறைகளில் இதை வோல்ட்டேஜ் டிராப் என்பார்கள். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கிற ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்து இதை அளக்கத் தெரிந்துகொண்டால், ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல் கோளாறு எந்த ஸ்க்ரூவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

திரும்பி வரும் வழி

கரண்ட் பேட்டரியில் கிளம்பி, சுவிட்ச் வழியாகப் பல்புக்கு வந்து, அங்கிருந்து பேட்டரியின் அடுத்த முனைக்குத் திரும்பியாக வேண்டும். போவதற்கு ஒயர் இருக்கிறது. திரும்புவதற்கு? காரில் அதற்கென்று முழு நீள ஒயர் கிடையாது. பல்பு ஹோல்டரிலிருந்து கையளவு நீளத்தில் ஒரு கறுப்பு ஒயர் வந்து, பக்கத்துத் தகட்டில் ஒரு ஸ்க்ரூவில் முடிந்துவிடும். அங்கிருந்து காரின் பாடிதான் ஒயர். பாடியிலிருந்து பேட்டரிக்கு ஒரு தடித்த எர்த் கேபிள். இந்தத் திரும்பும் பாதையைத்தான் எர்த் என்கிறோம்.

புதிதாகப் பழகுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பல்புக்குக் கரண்ட் வருகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். பல்பிலிருந்து போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஐம்பது வருடத் தகடு, அதன்மேல் மூன்று முறை அடித்த பெயின்ட், அதற்குமேல் துரு, அந்தத் துருவின்மேல் முடுக்கிய ஒரு ஸ்க்ரூ. எர்த் கெட்டுப்போக இதைவிட வேறென்ன வேண்டும்?

எர்த் அறுந்துவிட்டால் கரண்ட் சும்மா நின்றுவிடும் என்றில்லை, வேறு வழி தேடும். பின்னால் இருக்கும் விளக்குக் கூண்டில் பிரேக் பல்புக்கும் இண்டிகேட்டர் பல்புக்கும் எர்த் ஒன்றுதான். அது கெட்டால் பிரேக் பல்பைக் கடந்த கரண்ட், இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கிப் புகுந்து, இண்டிகேட்டர் ஒயரிலேயே ஓடி, முன்பக்க இண்டிகேட்டரின் நல்ல எர்த்தில் போய் இறங்கும். மூன்று பல்பு வரிசையாக மாட்டிக்கொண்டதால் எல்லாமே மங்கல்தான். ஆகவே ஒரு சுவிட்சைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு விளக்கும் எரிகிறது என்றால், வேறு எதையும் யோசிக்காமல் முதலில் அந்தக் கூண்டின் எர்த்தைப் பாருங்கள்.

எஞ்சினுக்கும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் ஆபத்தாக. எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு மின்தொடர்பு இல்லை. பின்னிய செம்புப் பட்டை ஒன்றுதான் இரண்டையும் இணைக்கிறது. அது அறுந்திருந்தால் செல்ஃப் மோட்டார் இழுக்கிற நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர், கிடைத்த கம்பியில் எல்லாம் திரும்பப் பார்க்கும். ஊட்டியில் ஜனவரிக் காலையில் சோக்கை இழுத்துவிட்டு செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாகிறது, புகைகிறது என்றால் சோக்கில் ஒன்றுமில்லை. எர்த் பட்டை போய்விட்டது, அந்தக் கரண்டை மெல்லிய சோக் கேபிள் சுமந்துகொண்டிருக்கிறது. குளிரில் பேட்டரியின் பலமும் குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். மோட்டார் அதிகம் கேட்கிற நேரத்தில்தான் பேட்டரியால் குறைவாகக் கொடுக்க முடிகிறது. வழியிலும் கொஞ்சம் தொலைந்தால் செல்ஃப் முனகத்தான் செய்யும்.

வேலை வாங்கும்போதுதான் அளக்க வேண்டும்

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டும். “கரண்ட் வருதே, அப்போ பல்புதான் போச்சு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த அளவு பொய்.

குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும், திறக்காத வரைக்கும் அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தான் ஊசிமாதிரி ஒழுகுவது தெரியும். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சின்னது. களிம்பேறிய இணைப்பும் அவ்வளவு சின்னக் கரண்டைத் தடை இல்லாமல் விட்டுவிடும். 55 வாட் ஹெட்லைட் நாலரை ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த இணைப்பின் குணம் வெளியே வரும். கணக்கு எளிது: ஆம்பியரை ஓமால் பெருக்கினால் தொலைகிற வோல்ட்டேஜ். ஒரு இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால் நாலரை ஆம்பியருக்கு இரண்டு வோல்ட்டுக்குமேல் போய்விடும்.

சரி, மீட்டரை ஓம் அளவில் வைத்து அந்த இணைப்பை நேரடியாக அளந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. நாம் தேடுவது ஒரு ஓமில் பாதி, மூன்றில் ஒரு பங்கு. சாதாரண மீட்டரின் இரண்டு கம்பிகளுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு தடை உண்டு. பத்து இழையில் ஒன்பது அறுந்துபோன ஒயர்கூட ஓம் அளவில் நல்ல ஒயர் மாதிரியே காட்டும். அதனால் வோல்ட்டை அளக்க வேண்டும், அதுவும் விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும்.

ஒரு ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். எஞ்சின் நிற்கட்டும், ஹெட்லைட் எரியட்டும். ஹோல்டரின் பின்பக்கத்திலிருந்து மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். இணைப்பைக் கழற்றக் கூடாது. இனி வரும் எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் பட்டறையில் தினமும் பார்க்கிற மாதிரி எண்கள்.

பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில் 12.3. பல்பின் இரண்டு முனைக்கும் நடுவில் 10.1. ஆக 2.2 வோல்ட் காணவில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இழை பல்புகளின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மலைப்பாதையில் மூடுபனிக்குள் பாதி வெளிச்சம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தொலைந்தது போகிற வழியிலா, திரும்புகிற வழியிலா? மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, பேட்டரியின் ஈய முனையிலேயே. சிவப்பு முனையைப் பல்பின் எர்த் காலில் வையுங்கள். எர்த் நன்றாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி வரவேண்டும். 1.6 காட்டுகிறது. அப்படியானால் 2.2-ல் 1.6 எர்த் பக்கம், மீதி 0.6 போகிற பக்கம். புது சுவிட்ச் வாங்கியிருந்தால் வீணாகப் போயிருக்கும்.

கறுப்பு முனை அங்கேயே இருக்கட்டும். சிவப்பை மட்டும் நகர்த்துங்கள். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பாடித் தகட்டைக் கொஞ்சம் சுரண்டி வெறும் இரும்பில் வைத்தால் 0.2. பல்பின் காலில் 1.6, தகட்டில் 0.2. நடுவில் இருப்பது அந்தக் கறுப்பு ஒயரும், அதன் வளைய முனையும், ஒரு ஸ்க்ரூவும்தான். 1.4 வோல்ட் அங்கேதான் போகிறது. சந்தேகமென்றால் அந்த ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். தொலைகிற வோல்ட்டேஜ் எங்கும் மறைந்துவிடுவதில்லை, அதே இடத்தில் சூடாகிறது. இந்தக் கணக்கில் அது ஆறு வாட்டுக்குப் பக்கம். ஒரு பார்க்கிங் பல்பு எரிகிற அளவு சக்தி ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவில் வீணாகிறது.

போகிற வழியையும் இதேபோல் பிடிக்கலாம். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை பல்பின் கரண்ட் காலில். அப்புறம் கறுப்பு முனையைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள்: கிரில்லுக்குப் பின்னால் ஒயர்களைச் சேர்க்கும் புல்லட் கனெக்டர், டிம்மையும் பிரைட்டையும் மாற்றும் டிப்பர் சுவிட்ச், லைட் சுவிட்ச். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சடாரென்று இறங்குகிறதோ, கோளாறு அந்த இடத்தில். ஒரு இணைப்புக்கு 0.1 வோல்ட் வரை விட்டுவிடலாம். எர்த் பக்கம் மொத்தமே 0.2-க்குள் இருக்கவேண்டும். விளக்குச் சுற்று முழுவதிலும் அரை வோல்ட்டுக்குமேல் போனால் வேலை இருக்கிறது. காலால் மிதிக்கிற டிப்பர் உள்ள வண்டியா? மழைக்காலத்தில் நனைந்த செருப்போடு ஏறி மிதித்த தண்ணீரெல்லாம் அந்த சுவிட்சில்தான் இறங்கியிருக்கும். அதை முதலில் பாருங்கள்.

செல்ஃபுக்கு: எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகிற ஒயரைக் கழற்றிவிட்டு, வண்டி நியூட்ரலில் இருக்க, கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.3-க்குமேல் காட்டினால் எர்த் பட்டையைக் கவனியுங்கள்.

மலையில் வருகிறது, கீழே போனால் போய்விடுகிறது

“அண்ணே, மேட்டுப்பாளையம் கொண்டுபோய்க் காட்டுனா எல்லாம் நல்லா எரியுது, ஊருக்கு வந்தா மறுபடி மங்குது.” இதைச் சொல்லாத டிரைவர் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குறைவு. டிரைவரும் பொய் சொல்லவில்லை, கீழே பார்த்த எலக்ட்ரீஷியனும் ஏமாற்றவில்லை. சமவெளியின் காய்ந்த சூட்டில் கனெக்டருக்குள் இருந்த ஈரம் உலர்ந்துவிடுகிறது.

நீலகிரிக்கு மழை இரண்டு பக்கமும் வருகிறது. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுக்கு அக்டோபருக்குமேல் வடகிழக்கு. நடுவில் இருக்கிற மாதங்களில் மூடுபனி. ஆனால் கொட்டுகிற மழையைவிட எனக்குப் பயம் தருவது ராத்திரிப் பனிதான். மாலையில் சூடான எஞ்சினோடு ஷெட்டில் நிறுத்துகிறோம். ராத்திரி குளிரும்போது ரப்பர் உறைக்குள் இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் உள்ளேயே நீராகப் படிகிறது. செம்பில் பச்சைக் களிம்பு பூப்பது இப்படித்தான். மழையில் ஒருநாளும் நனையாத, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த கார்களில்கூட இதைப் பார்க்கலாம்.

அதனால் காய்ந்த நாளில் கோளாறு வராவிட்டால், கோளாறை வரவழையுங்கள். மீட்டரை மாட்டிவைத்து, விளக்கை எரியவிட்டு, செடிக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலால் ஒவ்வொரு இணைப்பின்மேலும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஒயர்க் கட்டை அங்கங்கே பிடித்து லேசாக ஆட்டுங்கள். எண் குதிக்கிற இடம்தான் நீங்கள் தேடுகிற இடம்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

இது வேறு ஜாதிக் கோளாறு. இங்கே தடை கூடவில்லை, தடையே இல்லாமல் போய்விட்டது. ஒயரின் உறை எங்கோ தேய்ந்து, செம்பு பாடியைத் தொடுகிறது. ஃபியூஸ் மேல் ஃபியூஸாகப் போட்டு எரிப்பதற்குப் பதில், ஃபியூஸ் இருந்த இடத்தின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஒயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். அது இரண்டு ஆம்பியருக்குமேல் விடாது என்பதால் ஒயரும் வேகாது. பிறகு அந்த ஃபியூஸிலிருந்து பிரிகிற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்தக் கிளை. தேயும் இடங்கள் எல்லா வண்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: டேஷ்போர்டுக்குப் பின் தகட்டைத் துளைத்துப் போகும் ஓட்டையில் ரப்பர் வளையம் உதிர்ந்துபோன இடம், ஸ்டியரிங் தண்டு, டிக்கி மூடியின் கீல். எலி கடித்த இடமும் உண்டு; எஸ்டேட் ஷெட்களில் நிற்கும் வண்டிகளில் அதுவே முதல் சந்தேகம்.

ஃபியூஸ் இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ செம்புக் கம்பியோ சுற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் முறைப்படி ஒயரிங் உள்ள பழைய பிரிட்டிஷ் வம்சத்துக் கார்களில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான், பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. இருக்கிற இரண்டையும் கெடுத்துவிட்டால் அடுத்து எரிவது ஒயர்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும் முன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். 1950-கள், 60-களின் சில பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அந்த வண்டிகளில் மேலே சொன்ன மீட்டர் முனைகளை மாற்றிப் பிடியுங்கள்.

ஒயர் நிறம் இங்கே கைகொடுக்கும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அம்பாசடரிலும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் லூகாஸ் நிறங்கள்தான் அடிப்படை. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே, ஃபியூஸ் இல்லாமல் வருவது. இதைப் பார்த்தால் கை ஜாக்கிரதை. வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. பச்சை, சாவியும் ஃபியூஸும் தாண்டியது. ஊதா, சாவி இல்லாமலே ஃபியூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். ஃபியட் வழிவந்த பத்மினிக்கு இது பொருந்தாது. நாற்பது வருடமாகப் பலர் கை பட்ட வண்டியில் எல்லா ஒயரும் சிவப்பாக இருந்தால் நிறத்தை மறந்துவிட்டு மீட்டரை நம்புங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் உயிரில்லாமல் கிடப்பது. எர்த் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மாட்டுங்கள். அப்போது செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். எலக்ட்ரானிக் பொருள் எதுவும் இல்லாத பழைய காரில் பூஜ்யம் காட்ட வேண்டும். 50 மில்லி ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி காலி. பின்னாளில் மாட்டிய பாட்டுப் பெட்டிதான் பெரும்பாலும் குற்றவாளி.

சரிசெய்வது

எர்த் ஸ்க்ரூ என்றால் கழற்றி, வளைய முனையையும் அது உட்காரும் தகட்டையும் உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள். முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு முடுக்குவதைவிட முடுக்கிவிட்டுத் தடவுவது எனக்குப் பிடிக்கும். பெயின்ட்டின் மேல் முடுக்கிய எர்த் எர்த்தே அல்ல.

ஒயர் என்றால் வெட்டிப் பாருங்கள். உறையை உரித்ததும் செம்பு கறுத்திருந்தால் ஈரம் உள்ளே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கறுப்பின்மேல் எந்த முனையை அழுத்தினாலும் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. செம்பின் நிறம் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில சமயம் ஒரு சாண், சில சமயம் முழு ஒயரும் போகும். புது முனையைக் கிரிம்ப்பிங் பிளையரால் அழுத்துங்கள். சாதாரணக் குறடு வைத்து நசுக்கினால் ஆறு மாதத்தில் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள். இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது ஊர் போய்ச் சேர மட்டும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கியதில் மிச்சமான ஒயரையும் போடாதீர்கள். அதன் இழைகள் தடிமனானவை, எண்ணிக்கையில் குறைந்தவை, அதிர்வில் முறியும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ ஒயர்தான் தாங்கும். தடிமனும் முக்கியம்: இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுக்கும் ஒன்பது ஆம்பியரை 4 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அனுப்பினால் ஒயரே 0.6 வோல்ட் விழுங்கும். 2.5 சதுர மில்லிமீட்டரில் அது கால் வோல்ட்.

மலைப்பாதைக்கென்று 100 வாட் பல்பு மாட்டுகிறவர்கள் இங்கே நிறைய. பழைய சுவிட்ச் அந்தப் பதினாறு ஆம்பியருக்குச் செய்ததல்ல; உள்ளே கருகி, அதுவே பெரிய தடையாகிவிடும். பல்பைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு ஒரு தடித்த ஒயர், லைட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கினால் போதும். 55 வாட் பல்புக்கு முழு வோல்ட்டேஜ் கிடைத்தாலே, பாதி பட்டினியில் எரியும் 100 வாட்டைத் தேட மாட்டீர்கள்.

வேலை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். எல்லா எண்ணும் சரியாக வந்தபிறகும், ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலில் நிற்கும்போது லைட் மங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் தெளிகிறதா? பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க ஆல்டர்னேட்டர் இல்லாமல் பழைய டைனமோ வைத்த வண்டியென்றால் அது கோளாறு இல்லை. ஐடிலில் டைனமோ சார்ஜ் கொடுக்காது. பேட்டரி மட்டும்தான் அப்போது சுமக்கிறது. அதற்காக ஒயரைப் பிரிக்க வேண்டாம்.